பிங்க் ரிப்பனும் ஒரு கெட்ட வார்த்தையும்

அக்டோபர் மாதம் வந்துவிட்டால் போதும், ஊரே ரோஸ் கலருக்கு மாறிவிடுகிறது. கல்லூரியில் பிங்க் டீ-ஷர்ட், பிங்க் பலூன், பிங்க் ரங்கோலி. மைதானத்தில் மாணவிகளை ரிப்பன் வடிவத்தில் வெயிலில் நிற்க வைத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு போட்டோ. மறுநாள் பேப்பரில் 'விழிப்புணர்வு நிகழ்ச்சி' என்று நாலு வரி. அந்த வரிசையில் நின்ற பெண்ணைப் பிடித்து, எதற்கும்மா இதெல்லாம் என்று கேட்டால் "கேன்சர்" என்பாள். எந்த கேன்சர்? கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "ப்ரெஸ்ட்" என்பாள். அதையே தமிழில் சொல்லச் சொன்னால் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்துச் சிரிப்பாள். பையன்களைக் கேட்கவே வேண்டாம்.

சிரிப்புதானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. அதே ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். 2018-ல் லான்செட் இதழில் வந்த கான்கார்ட் ஆய்வில், நோய் தெரிந்து ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். இந்தியாவில் 66 பேர். இந்த வித்தியாசத்துக்குப் பணம், தூரம், மருந்து விலை என்று பல காரணங்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே பாதிக்கும் மேற்பட்ட பெண்கள், கட்டி தோன்றிய இடத்தைத் தாண்டி நோய் நகர்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள். ஏன் இத்தனை தாமதம்? அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, மேலே சொன்ன சிரிப்பில் இருக்கிறது.

தமிழில் இந்த உறுப்புக்கு வார்த்தை இல்லாமல் இல்லை. முலை. கண்ணகி இடது முலையைத் திருகி எறிந்துதான் மதுரையை எரித்தாள் என்கிறது சிலப்பதிகாரம். திருவண்ணாமலையில் குடியிருக்கும் அம்மன் பேரே உண்ணாமுலை. அந்தப் பெயரைப் பெண் குழந்தைகளுக்கு வைத்து வாசலில் நின்று கூப்பிட்ட தலைமுறைகள் இருந்தன. ஆனால் 2002-ல் கவிஞர் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பேர் வைத்தபோது நடந்த ரகளை இலக்கியம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை விடுங்கள், அட்டையைப் பார்த்தே பலருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பழம்பாடலில் வந்தால் இலக்கியம், கோயிலில் இருந்தால் பக்தி, ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொன்னால் ஆபாசம். நல்ல நியாயம்தான்!

சரி, அந்த வார்த்தை வேண்டாம், 'மார்பகம்' இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது, பேப்பரிலும் போஸ்டரிலும். எந்த வீட்டில், எந்த அம்மா, "என் மார்பகத்தில் ஒரு கட்டி" என்று பேசுகிறார்? வீட்டில் பேசுவது மாரு, நெஞ்சு, அல்லது வெறுமனே "அங்க". இதில்தான் வினையே. மார்பு என்றால் தமிழில் நெஞ்சும் அதுதான், முலையும் அதுதான். இணையத்தில் 'மார்பு வலி' என்று தட்டினால் மாரடைப்பு வந்து நிற்கும். 'மார்பு சளி' என்று தட்டினால் கற்பூரவல்லி வரும். 'கட்டி' என்று சேர்த்தால் அதுவும் தெளிவில்லை. வேனல் கட்டியும் கட்டி, சீழ்க் கட்டியும் கட்டி, பால் கட்டிக்கொள்வதும் கட்டி, புற்றுநோயும் கட்டி. ஒரு வார்த்தையைச் சொல்லக் கூசுவதால் ஒரு மொழியில் தேடிக் கண்டுபிடிக்கும் வசதியே போய்விடுகிறது. தேடல் பொறிக்கு வெட்கம் புரியாது. தட்டியதைத்தான் அது தேடும்.

ஒரு போன் உரையாடலை நினைத்துப் பாருங்கள். அம்மா ஊரில், பையன் ஹாஸ்டலில்.

"நெஞ்சுல ஏதோ கட்டி மாதிரி இருக்குடா."

"வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"வலி இல்லேன்னா சரி. கேஸா இருக்கும். சுக்குத் தண்ணி வெச்சுக் குடிங்க."

அவ்வளவுதான், போன் வைத்தாகிவிட்டது. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் பாசத்துக்குக் குறைவில்லை. அவர் சொன்னது முலை, அவன் கேட்டது நெஞ்சு. அதைவிட மோசம், "வலி இல்லேன்னா சரி". இந்த நோயில் கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலிக்காத, கெட்டியான, விளிம்பு ஒழுங்கில்லாத கட்டியைத்தான் டாக்டர்கள் அதிகம் சந்தேகப்படுவார்கள். மற்ற எல்லா நோயிலும் வலியைத்தான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறோம். இங்கே அது தலைகீழ். இந்த ஒரு வரியைத் தமிழ் தெரிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ரோஸ் பலூனால் முடியாது.

இந்தக் கூச்சம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. சித்தார்த்த முகர்ஜி 2010-ல் எழுதிய புற்றுநோய் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. 1950-களின் தொடக்கம். நோயிலிருந்து மீண்ட ஃபேனி ரோசனோ என்ற பெண்மணி, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் கூடிப் பேச ஒரு குழு இருப்பதாக விளம்பரம் கொடுக்க நியூயார்க் டைம்ஸுக்குப் போன் செய்கிறார். அந்த இரண்டு வார்த்தைகளையும் எங்கள் பத்திரிகையில் போட முடியாது என்கிறார்கள். 'மார்புச் சுவர் நோய்கள்' பற்றிய கூட்டம் என்று போட்டுக்கொள்ளலாமா என்று யோசனை வேறு. அவர் வெறுத்துப் போய் போனை வைத்துவிட்டார். நியூயார்க்கில் எழுபது வருடத்துக்கு முன்னால் கேட்ட அந்த 'மார்புச் சுவர்'தான் இன்றைக்குத் தமிழில் 'நெஞ்சுல ஏதோ'.

அங்கே அது எப்போது மாறியது? 1974 செப்டம்பர் 28-ல் அன்றைய அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பக அறுவை நடந்தது. ஃபோர்டு பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 'உடல்நலக் குறைவு' என்று ஒரு வரியில் மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. இன்ன நோய், இன்ன அறுவை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பரிசோதனைக்குப் போனார்கள், அந்தக் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையே சட்டென்று ஏறியது. துணை ஜனாதிபதியாக நியமிக்கப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவி, இந்தச் செய்தியைக் கேட்டுத் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு கட்டியைக் கண்டுபிடித்தார். அவருக்கு அக்டோபரிலேயே அறுவை நடந்தது. ரிப்பன் கிடையாது, டீ-ஷர்ட் கிடையாது. ஒரு பெண் ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொன்னார்.

நம் ஊரிலும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறோம், ஆணுக்கு வந்தபோது. அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும். 1968-ல் நியூயார்க்கில் அறுவை நடந்ததும் தெரியும். தெருவுக்குத் தெரு அதையே பேசினார்கள். தொண்டையும் உணவுக்குழாயும் பேசலாம். பெண்ணுக்கு வந்தால் மட்டும் "உடம்பு சரியில்ல", "சின்ன ஆபரேஷன்", "கர்ப்பப்பை பிரச்சினையாம்". புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். எழுபது வருடம் தாண்டிவிட்டது. நோயின் பெயரை இன்னும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ரிப்பன் கதைக்கு வருவோம், ஏனென்றால் அதுவே ஒரு நல்ல காமெடி. முதலில் வந்த ரிப்பன் பிங்க் அல்ல, பீச் பழத்தின் நிறம். கலிஃபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற வயதான பெண்மணி, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையால் செய்தது. ஐந்தைந்து ரிப்பனாக ஒரு அட்டையில் குத்தி விநியோகித்தார். அட்டையில் என்ன இருந்தது தெரியுமா? தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு பட்ஜெட் 180 கோடி டாலர், அதில் நோய்த் தடுப்புக்குப் போவது 5 சதவீதம்தான், இதை மாற்ற அரசியல்வாதிகளை எழுப்ப உதவுங்கள் என்ற விஷயம். அதாவது கணக்குக் கேட்கிற ரிப்பன். 1992-ல் ஒரு பெண்கள் பத்திரிகையும் ஒரு பெரிய அழகுசாதனக் கம்பெனியும் அவரிடம் ரிப்பனைக் கேட்டன. வியாபாரமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். விட்டார்களா? வக்கீலைக் கேட்டு நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். பிங்க் பிறந்தது. அட்டையில் இருந்த கேள்வி காணாமல் போய், கடைசியில் நிறம் மட்டும் மிஞ்சியது. 2010-ல் பொரித்த கோழியை பிங்க் வாளியில் போட்டு விற்றது வரைக்கும் அது வளர்ந்திருக்கிறது.

இணையம் இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. 2010 ஜனவரியில் ஃபேஸ்புக்கில் பெண்கள் திடீரென்று ஒரே வார்த்தையில் ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்தார்கள். "கறுப்பு", "வெள்ளை", "பீஜ்". என்னவென்று பார்த்தால் அவரவர் அணிந்திருந்த பிராவின் நிறமாம், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வாம். ஆண்களிடம் சொல்லக்கூடாது என்பது விளையாட்டின் விதி. அடக் கொடுமையே! விழிப்புணர்வு என்று பேர், ஆனால் எதைப் பற்றி என்று சொல்லக்கூடாது. ஒரு மார்பகத்தை எடுத்துவிட்ட பெண் அன்றைக்கு என்ன நிறத்தைப் போட்டிருப்பாள் என்று அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவருக்குத் தோன்றியிருக்குமா? இதற்கு எதிர் உதாரணமும் உண்டு, சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2014 மார்ச்சில் பிரிட்டனில் மேக்கப் இல்லாமல் செல்ஃபி போடுகிற அலை கிளம்பியது. அதுவும் முதலில் வெட்டி வேலைதான். பிறகு யாரோ பணம் அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தி எண்ணைச் சேர்த்துப் போட, ஆறே நாளில் அங்குள்ள புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 80 லட்சம் பவுண்டு சேர்ந்தது. அதே செல்ஃபி, அதே ஜனங்கள்தான். ஒரு எண் கூடியிருந்தது.

மனிதர்கள் கூசுவது போதாதென்று மெஷினும் கூசுகிறது. 2020 அக்டோபரில் பிரேசில் நாட்டுப் பெண் ஒருவர் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகள் எப்படி இருக்கும் என்று எட்டுப் படங்களை ஒன்றாகச் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டார். ஒவ்வொன்றின் கீழும் விளக்கம். ஐந்தில் முலைக்காம்பு தெரிந்தது. எப்படித் தெரியாமல் இருக்கும்? காம்பு உள்ளே இழுத்துக்கொள்வதும் அதிலிருந்து ரத்தமோ நீரோ கசிவதும் இந்த நோயின் அறிகுறிகள். தானியங்கி மென்பொருள் அதை ஆபாசம் என்று முடிவு செய்து தூக்கிவிட்டது. இத்தனைக்கும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக அப்படிப் படம் போடலாம் என்று அந்தக் கம்பெனியின் விதியிலேயே இருக்கிறது. அவர் மேற்பார்வைக் குழுவிடம் போன பிறகு, தவறுதான் என்று ஒப்புக்கொண்டு திருப்பிப் போட்டார்கள். 2021 ஜனவரியில் குழுவும் நீக்கியது தவறு என்றே தீர்ப்புச் சொன்னது. நல்லது. ஆனால் எழுதி வைத்த விதி இருந்தும், போராடத் தெரிந்த ஒருவர் இருந்தும் நடந்த கதை இது. போராடாமல் விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? தமிழில் இதைச் செய்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அதனால் படத்துக்குப் பதில் ஒரு ரோஸ் பூவைப் போட்டுவிடுகிறார்கள். பூவைப் பார்த்து எந்தப் பெண் தன் தோல் ஆரஞ்சுத் தொலி மாதிரி குழிகுழியாக ஆகியிருப்பதை அடையாளம் காண்பாள்?

உண்மை கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றால் அந்த இடம் காலியாக இருக்காது. பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொய்க்கு வெட்கமே கிடையாது. கறுப்பு பிரா போட்டால் வரும், இரவில் பிரா போட்டுத் தூங்கினால் வரும், அக்குளில் சென்ட் அடித்தால் வரும்... ஒரே ஃபார்வர்டு பத்து வருடமாகச் சுற்றுகிறது. (சென்ட் கதை வாட்ஸ்அப்புக்கும் முந்தியது, ஈமெயில் காலத்துச் சரக்கு.) பிராவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஆராய்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். எத்தனை மணி நேரம் போட்டார்கள், கம்பி வைத்ததா இல்லாததா, எந்த வயதில் போட ஆரம்பித்தார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அதையெல்லாம் தமிழில் யார் எழுதிப் போடுகிறார்கள்?

இவையாவது வீண் பயத்தோடு போய்விடும். ஆளைக் கொல்கிற பொய்கள் வேறு. அதில் முதலிடம் "ஊசி குத்திப் பார்த்தால் பரவிடும்". பயாப்ஸி என்றாலே எழுந்து ஓடிவிடுகிறார்கள். ஊசி குத்திப் பார்ப்பதால் நோய் உடம்பெங்கும் பரவும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஊர் ஏன் அப்படி நம்புகிறது என்பதும் புரியாத விஷயமில்லை. நம் ஆட்கள் கடைசிக் கட்டத்தில்தான் போகிறார்கள், போனதும் முதலில் செய்வது பயாப்ஸி, கொஞ்ச மாதத்தில் நோயாளி இறந்துவிடுகிறார். பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கு ஊசிக்குப் பிறகு சாவு வந்ததாகத்தான் தெரிகிறது. அந்தக் கதையைக் கேட்ட அடுத்த பெண் இன்னும் தாமதமாகப் போகிறாள், கதை மறுபடியும் நிரூபணமாகிறது. இந்தச் சுழலை உடைக்க ஒரு பக்கத்துக்குத் தமிழில் பொறுமையாக விளக்க வேண்டும். ஊசி வழியாக எடுத்த அந்தத் துளிச் சதையில்தான் எல்லாமே இருக்கிறது. கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளர்கிறதா (ஈ.ஆர்.), புரோஜெஸ்டிரோனைத் தின்று வளர்கிறதா (பி.ஆர்.), ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் தெரியும். எந்த மருந்து கேட்கும் என்பது அதை வைத்துத்தான். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயே அல்ல என்ற நல்ல செய்தியும் அதே ஊசியில்தான் கிடைக்கும்.

அடுத்தது முள் சீத்தாப்பழம், கோதுமைப்புல், எலுமிச்சையும் சோடா உப்பும். கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு சக்தி என்று ஒரு எண்ணை வேறு அடித்து விடுவார்கள். பத்தாயிரம் என்று எப்படி அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தபோது, மார்பகப் புற்றுநோயில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பழம் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. பழம் சாப்பிட்டுக்கொண்டே அந்த ஆறு மாதத்தைத் தொலைப்பதுதான் பிரச்சினை. அந்த வீடியோ போட்டவர் மேல் ஒரு கேஸும் வராது, விளம்பரக் காசு மட்டும் ஒழுங்காக வரும்.

நல்லெண்ணத்தோடு போடுகிறவர்களும் தப்புப் பண்ணுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். 'மாதம் ஒரு முறை சுய பரிசோதனை, உயிரைக் காக்கும்' என்பதுதான் எல்லா போஸ்டரின் கோஷமும். சீனாவின் ஷாங்காயில் 2,66,000-க்கும் அதிகமான ஆலைத் தொழிலாளிப் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சுய பரிசோதனையை முறையாகச் சொல்லிக் கொடுத்துப் பத்து வருடம் போல் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. இறப்பு குறையவில்லை, தேவையில்லாத பயாப்ஸிகள்தான் கூடின. தன் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதும், மாற்றம் தெரிந்தால் உடனே காட்டுவதும் நல்லதுதான். ஆனால் 'மாதாமாதம் பார்த்தால் போதும்' என்பது பொய்யான தைரியம். இதே விஷயத்தில் நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு ஏனோ எந்தப் போஸ்டரிலும் வருவதில்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்களை வைத்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பார்க்கச் செய்தார்கள். மேமோகிராம் இல்லை, மெஷினே இல்லை, வெறும் விரல். இருபது வருடம் தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. நோய் முன்னதாகவே பிடிபட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இந்தத் தொடு பரிசோதனை உண்டு. கல்லூரியில் ரிப்பனாக நின்ற எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னார்கள்?

நோய் தெரிந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றியோ, தமிழில் கிட்டத்தட்ட இருட்டு. ஒரு சில மருத்துவர்கள் யூடியூபில் அழகாக, தெளிவாகப் பேசுகிறார்கள், அவர்களுக்குக் கும்பிடு. ஆனால் 'முழுசா எடுத்தாத்தான் பிழைப்போமா?' என்று ஒரு பெண் ராத்திரி இரண்டு மணிக்குத் தேடினால் என்ன கிடைக்கும்? ஆரம்ப நிலைக் கட்டியில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் முழு மார்பகத்தை எடுத்தாலும் ஆயுள் ஒன்றுதான் என்று பெர்னார்ட் ஃபிஷரின் இருபது வருட ஆய்வு முடிவு 2002-லேயே வந்துவிட்டது. இங்கே இன்னும், 'எடுத்துருங்க டாக்டர், நிம்மதியா இருக்கும்' என்று முடிவெடுப்பது புருஷனும் மச்சினனும். அவளிடம் இரண்டு வழி இருக்கிறது என்றே சொல்வதில்லை. அறுவை முடிந்து பக்கவாட்டில் தொங்கும் குழாயோடு எத்தனை நாள் இருக்க வேண்டும், கையை எப்போது தூக்கலாம், கை வீங்கினால் என்ன செய்வது, கீமோவில் நகம் கறுப்பது நிற்குமா, முடி திரும்ப வளருமா (வளரும்), பேத்தியைத் தூக்கலாமா. இதுதான் கேள்விகள். தமாக்ஸிஃபென் என்று ஒரு மலிவான மாத்திரை இருக்கிறது. ஈ.ஆர். பாசிட்டிவ் ஆன பெண்கள் ஐந்து வருடம் சாப்பிட்டால் இந்த நோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். உடம்பு திகுதிகுவென்று எரிகிறது, பக்கத்து வீட்டு அக்கா வேண்டாம் என்றாள் என்று ஒன்றரை வருடத்தில் நிறுத்திவிடுகிறாள். அந்த எரிச்சல் எதனால், அதை எப்படிச் சமாளிப்பது என்று அதே மருந்தைச் சாப்பிட்ட இன்னொரு பெண் அவள் பாஷையில் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டாள்.

ஆதரவு என்பது அதுதான். 1950-களிலேயே நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்ற பெண்மணி, தனக்கு அறுவை நடந்த பிறகு, வார்டு வார்டாகப் போய்ப் புதிதாக அறுவை முடிந்த பெண்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கையில் ஒரு பை, பைக்குள் உள்ளாடையில் வைத்துக்கொள்ளத் தற்காலிகப் பஞ்சு, கைக்கு உடற்பயிற்சி செய்யக் கயிறு. 'தைரியமா இருங்க' என்று சொல்வதற்கு ஆள் எங்கேயும் கிடைக்கும். கயிறு கொடுக்க ஆள் வேண்டும்.

கிராமத்துப் பெண் எங்கே நெட்டைப் பார்க்கப் போகிறாள், இதெல்லாம் படித்தவர்கள் பிரச்சினை என்று ஒரு குரல் எப்போதும் கேட்கும். அவள் பார்க்க மாட்டாள்தான். அவளுக்காகத் தேடுவது அவள் பிள்ளை. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், 'இன்ஃபில்ட்ரேட்டிங் டக்டல் கார்சினோமா' என்று தட்டிப் பார்ப்பது பத்தொன்பது வயசுப் பையன். இங்கிலீஷில் நாற்பது பக்கம் வரும், பாதி புரியும், மீதியில் பயம்தான் வரும். தமிழில் தட்டத் தெரிந்தவன், தொழில்நுட்பம் தெரிந்தவன், ஆனால் அம்மாவிடம் "எந்தப் பக்கம்மா, காம்புக்குக் கிட்டயா, அக்குள் பக்கமா?" என்று கேட்க நாக்கு எழாதவன். டாக்டர் கேட்கப் போகும் முதல் கேள்வியே அதுதான்.

பி.கு.: ரிப்பனில் எழுத மாட்டார்கள், அதனால் இங்கே. வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு, தனியார் ஆஸ்பத்திரிகள் சிலவற்றிலும் செல்லும். சந்தேகம் கேட்கத் தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்யலாம். சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் கட்டணம் முழுச் சலுகை, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் வேண்டும். முதல் தடவை போகும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளவும், பிறகு அதற்காகவே இன்னொரு நாள் வரிசையில் நிற்க வைப்பார்கள்.